ஊருக்கொரு பீலி, உலகுக்கொரு கருவி

ஊர் நடுவே குளம் வெட்டுவதும், வழிப்போக்கருக்குத் தண்ணீர்ப் பந்தல் அமைப்பதும், கோயில் திருவிழாவுக்கு வேண்டிய அண்டாக்களைப் பொதுப் பணத்தில் வாங்கி வைப்பதும் தமிழ் மக்களின் பழைய வழக்கங்கள். வீட்டுக்கு வீடு பெரிய அண்டா வாங்க எவராலும் இயலாது. வாங்கினாலும் ஆண்டில் முந்நூற்றறுபது நாளும் அது அட்டாலையில் தூங்கும். ஊர்ப் பொதுவில் ஒன்று இருந்தால் எல்லார் வீட்டுக் கலியாணமும் அதில் நடந்தேறும். நமது மலைநாட்டிலும் லயத்தாருக்கெல்லாம் ஒரு பீலி உண்டு. அங்கே வாளியைப் பிடிக்க எவருக்கும் உரிமையுண்டு. முறை காத்து நிற்கவேண்டும் என்பதே அங்குள்ள ஒரே சட்டம்.

நாம் இக்கட்டுரையில் சொல்லப் புகுவது பீலியின் கதையன்று. மனித குலத்தின் நோய்களை ஆராயும் விஞ்ஞானிகளின் கருவிகளைப் பற்றிய வரலாறு. ஆயினும் அந்த வரலாற்றின் சாரம் பீலிக்கரையில் அடங்கியிருக்கிறது. விலை மதிப்பற்ற கருவி ஒன்று யாருக்குச் சொந்தம்? வைத்திருப்பவனுக்கா, அதைக்கொண்டு உண்மையைக் காணத் தகுதியுள்ளவனுக்கா? முந்நூறு ஆண்டுகளாக உலகம் இக்கேள்விக்கு விடை தேடி வந்திருக்கிறது. அந்தத் தேட்டத்தில் திருவானைக்காவலில் பிறந்த ஒருவருக்கும், கோபாலசமுத்திரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட ஒருவருக்கும், சிதம்பரத்தில் பிறந்த ஒருவருக்கும் பங்குண்டு. நமது தேயிலை மலைகளுக்கும் அதில் ஓர் அத்தியாயம் உண்டு.

தனியொருவர் கையிலிருந்த கண்ணாடி

ஒல்லாந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் லீவன்ஹுக் என்றொரு துணி வியாபாரி 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தார். தாமே தேய்த்த சிறு கண்ணாடி வில்லைகளைக் கொண்டு, அதுவரை மனிதக் கண் கண்டிராத நுண்ணுயிர்களை அவர் கண்டார். கண்டதை இலண்டன் றோயல் சங்கத்துக்கு எழுதி அனுப்பிவந்தார். ஆனால் தமது மிகச் சிறந்த வில்லைகளை எவருக்கும் விற்றாரில்லை. செய்யும் முறையையும் கற்பித்தாரில்லை. 1723இல் அவர் மறைந்தபோது அந்த முறையும் அவரோடு மறைந்தது. பகிரப்படாத கருவி அதை வைத்திருப்பவரின் ஆயுளோடு முடிந்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரு நூற்றாண்டுகள் கழிந்தன. இந்தியாவின் செக்கந்தராபாத்தில் றொனால்ட் றொஸ் என்னும் இராணுவ வைத்தியர் நுளம்பின் வயிற்றைப் பிளந்து மலேரியாக் கிருமியைத் தேடிக்கொண்டிருந்தார். அவரிடம் இருந்தது ஒரேயொரு நுணுக்குக்காட்டி. வெயிலில் வழிந்த வியர்வையால் அதன் திருகாணிகள் துருவேறிப் போயின. எஞ்சியிருந்த ஒரே கண்வில்லையும் விரிசல் கண்டது. அந்நிலையிலேதான் 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் தேதி அவர் தேடியதைக் கண்டார். அந்தக் கருவி ஒருவார காலம் முன்னரே முற்றாகக் கெட்டிருந்தால் மலேரியாவின் இரகசியம் இன்னும் எத்தனை காலம் மறைந்திருக்குமோ! மானுடத்தின் நன்மை ஒரு தனி மனிதரின் ஒற்றைக் கருவியில் தொங்கிக்கொண்டிருப்பது எத்துணை அபாயம் என்பதை நாம் இங்கே உணர்கிறோம்.

இந்த உணர்வு பரவியதன் பயனாக 19ஆம் நூற்றாண்டின் முடிவில் பொது ஆய்வுகூடங்கள் தோன்றலாயின. சென்னையில் 1899இல் கிண்டி கிங் நிலையம் எழுந்தது. ஏறத்தாழ அதே காலத்தில் கொழும்பில் டி சொய்சா குடும்பத்தாரின் கொடையால் பாக்டீரியாவியல் நிலையம் அமைந்தது. இதுவே பிற்காலத்தில் மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம் எனப் பெயர் பெற்றது. இங்கே 1903 முதல் பணியாற்றிய இத்தாலிய வைத்தியர் அல்டோ கஸ்தெல்லானி, இலங்கைக் கிராமத்து ஏழைகளை வாட்டிய பறங்கி நோயின் கிருமியை 1905இல் கண்டறிந்தார். ஒரு செல்வரின் கொடை, ஓர் அரசாங்கத்தின் ஆதரவு, ஓர் அந்நியரின் அறிவு ஆகிய மூன்றும் ஒரே கூரையின்கீழ்ச் சேர்ந்தபோது விளைந்த பயன் இது.

மலையேறி வந்த நுணுக்குக்காட்டி

இனி நமது மலைநாட்டுக்கு வருவோம். நம் பாட்டன் பாட்டிமார் வெறுங்காலோடு மலையேறிக் கொழுந்து கொய்த காலத்தில் அவர்களைத் தின்றுகொண்டிருந்த ஒரு சத்துரு கொக்கிப் புழு. இது குடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். இதன் முட்டைகள் மலத்தோடு வெளியேறி ஈரமண்ணில் பொரித்து, அங்கே நடப்பவரின் பாதத் தோலைத் துளைத்து மீண்டும் உடலுக்குள் புகும். மழைக்குப் பெயர்போன வட்டவளை போன்ற இடங்களில், மலசலகூடம் இல்லாத லயங்களைச் சூழ்ந்த ஈரநிலம் இந்தப் புழுவுக்கு நாற்றங்காலாக அமைந்தது என்று சொல்லவும் வேண்டுமா? மனிதன் வெளிறிப்போனான், மூச்சு வாங்கினான், பெரட்டுக்குப் பிந்தினான். “சோம்பேறி” என்று கங்காணி ஏசினார். இரத்தம் இல்லாதவனைச் சோம்பேறி என்றது அந்தக் காலம்!

அமெரிக்காவின் றொக்பெல்லர் தர்மநிதியைச் சேர்ந்த சர்வதேச சுகாதாரக் குழுவினர் 1916இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கினர். நுணுக்குக்காட்டி மலையேறி வந்தது. தொழிலாளரின் மலத்தைச் சிறு கண்ணாடித் துண்டில் தடவி, வில்லையின்கீழ் வைத்து, முட்டை உண்டா இல்லையா என்று பார்த்தார்கள். பரிசோதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் புழு இருந்தது. செனோபோடியம் எண்ணெயைக் கொடுத்துப் புழுவை வெளியேற்றினார்கள். ஆனால் மருந்து உண்டவன் மறுநாள் அதே மண்ணில் நடந்தால் புழு திரும்பவும் ஏறத்தானே செய்யும்? மலசலகூடம் கட்டினாலன்றி வேலை நிலைக்காது என்று அக்குழுவினர் வற்புறுத்தினர். அதற்கான செலவைக் கேட்டுத் தோட்டத் துரைமார் பலர் தயங்கினர். மருந்துக்கு இசைந்தார்கள், மலசலகூடத்துக்கு இசையவில்லை.

இந்த வரலாற்றில் நாம் இரண்டு உண்மைகளைக் காண்கிறோம். ஒன்று: தன்னந்தனித் தோட்டம் எதுவும் வாங்கி வைத்திராத ஒரு கருவியையும் நிபுணரையும் பொது நிதியொன்று தோட்டந்தோறும் கொண்டுசென்றது; அதனால் உயிர்கள் பிழைத்தன. இரண்டு: நம் மக்கள் அந்தக் கண்ணாடியின் கீழே வைத்துப் பார்க்கப்பட்டார்களேயன்றி, அதன் மேலே கண்வைத்துப் பார்க்க எவரும் அவர்களை அழைக்கவில்லை. பார்க்கப்படுகிறவன் வேறு, பார்க்கிறவன் வேறு. இந்த வேற்றுமையை நம் இளைஞர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

செடிக்குக் கிடைத்த பொது ஆய்வுகூடம்

இதே மலைநாட்டில் பொதுக் கருவியின் பெருமையைத் தோட்ட முதலாளிமார் மிக நன்றாக அறிந்திருந்தார்கள் என்பதற்குச் சான்றொன்று தலவாக்கலையில் நிற்கிறது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. பின்னர் சென்ட் கூம்ஸ் தோட்டத்தில் அது நிலைகொண்டது. தோட்டத்துக்கொரு இரசாயன நிபுணரையும் பூச்சியியல் நிபுணரையும் வைப்பது எந்தக் கம்பனிக்கும் கட்டாது. ஆகவே ஏற்றுமதியாகும் தேயிலையின் மீது தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் எல்லாத் தோட்டங்களுக்கும் பொதுவாக ஓர் ஆய்வுகூடத்தை நடத்தினார்கள். சந்தையில் ஒருவரோடொருவர் போட்டியிட்ட கம்பனிகள் ஆய்வுகூடத்தில் பங்காளிகளாயின.

பயனும் கைமேல் கிடைத்தது. தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுவொன்றை அடக்க, 1930களின் நடுப்பகுதியில் யாவாத் தீவிலிருந்து ஒரு சிறு குளவியினத்தை இந்நிலையத்தார் கொண்டுவந்து விட்டனர். குளவி புழுவின் உடலில் முட்டையிட்டு அதை அழித்தது. எந்த ஒரு தோட்டமும் தனித்துச் செய்திருக்க முடியாத காரியம் இது. குளவிக்குத் தோட்ட எல்லைகள் தெரியுமா? ஒரு தோட்டத்தில் விட்டது எல்லாத் தோட்டத்தையும் காத்தது.

தேயிலைச் செடியின் நோய்க்கு 1925இல் பொது ஆய்வுகூடம் கிடைத்துவிட்டது. அந்தச் செடியின் கொழுந்தைக் கிள்ளிய விரலுக்குரியவளின் நோய்க்கோ, பெரும்பாலும் தோட்ட டிஸ்பென்சரியின் கலவை மருந்தே கதியாயிற்று. இதைக் கசப்போடு சொல்வது நம் நோக்கமன்று. கூட்டுறவின் வழியை அறியாமையால் அல்ல, அதை யாருக்காகக் கையாள்வது என்ற தேர்வினாலேயே உலகில் நன்மையும் தீமையும் விளைகின்றன என்பதையே நாம் இதிலிருந்து கற்கிறோம்.

ஒரு சங்கத்தின் கதவு

நம்மைப் போன்ற சங்கத்தார் சிந்திக்கவேண்டிய அத்தியாயம் இதுதான். கல்கத்தாவில் மகேந்திரலால் சர்க்கார் என்னும் வைத்தியர் இருந்தார். இந்தியர்கள் தாமே விஞ்ஞான ஆராய்ச்சி நடத்த ஓர் இடம் வேண்டுமென்று அவர் ஊர் ஊராய்க் கேட்டு நன்கொடை திரட்டினார். 1876இல் இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம் பௌபஜார் வீதியில் எழுந்தது. சொற்பொழிவுகள் நடந்தன, ஆனால் அவர் கனவு கண்ட ஆராய்ச்சி நடக்கவில்லை. கருவிகள் தூசி படிந்து கிடந்தன. 1904இல் அந்தக் குறையோடேயே அவர் கண்மூடினார்.

மூன்றாண்டுகள் சென்று, 1907இல், அரசாங்கக் கணக்குப் பகுதியில் உத்தியோகம் பெற்று ஒரு தமிழ் இளைஞர் கல்கத்தாவுக்கு வந்தார். அவர் திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன். டிராம் வண்டியில் போகும்போது சங்கத்தின் பெயர்ப்பலகை கண்ணில் பட, இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். அவர் எந்தப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியருமல்லர். கணக்குப் பார்க்கும் உத்தியோகத்தர். “நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கலாம். சங்கத்தார் அவ்வாறு செய்யவில்லை. ஆய்வுகூடத்தை அவருக்குத் திறந்துவிட்டார்கள். அதிகாலையில் ஆய்வு, பகலில் அலுவலகம், மாலையில் மீண்டும் ஆய்வு என்று பத்தாண்டு காலம் அவர் உழைத்தார். 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். ஆயினும் ஆராய்ச்சி அந்தச் சங்கத்திலேயே தொடர்ந்தது. 1928 பெப்ரவரி 28ஆம் தேதி, வத்திராயிருப்பு கே. எஸ். கிருஷ்ணன் துணைநிற்க, இராமன் விளைவு அங்கே பிறந்தது. 1930இல் நோபல் பரிசு வந்தது. ஆசியாக் கண்டத்துக்கு விஞ்ஞானத்தில் கிடைத்த முதல் நோபல் பரிசு அது.

ஒளி ஒரு பொருளில் பட்டுச் சிதறும்போது அப்பொருளின் மூலக்கூறுகள் தம் அடையாளத்தை ஒளியில் பதித்து விடுகின்றன என்பதே அக்கண்டுபிடிப்பின் கருத்து. மருந்தின் தூய்மையைச் சோதிக்கவும், நோயுற்ற இழையத்தை நல்ல இழையத்திலிருந்து பிரித்தறியவும் இன்று அம்முறையை ஆராய்ச்சியாளர் கையாள்கின்றனர். நன்கொடைப் பணத்தில் கட்டிய ஒரு சங்கத்தின் கதவு, தகுதியுள்ள ஓர் அந்நியருக்குத் திறந்ததால் விளைந்தது இத்தனையும்.

கிண்டியில் முறுக்கிய கயிறு

இராமனின் மாணவர் கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922இல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். பெங்களூரிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்ற அவரை, 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் அழைத்துக் கிண்டியில் பௌதிகத் துறைக்குத் தலைவராக்கினார். முதலியார் தாமே பெயர்பெற்ற வைத்தியர். அவ்வாண்டு அங்கு வந்த பிரித்தானிய விஞ்ஞானி பெர்னால், நம் தோலிலும் எலும்பிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்பு இன்னும் விளங்கவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். இராமச்சந்திரன் அதைப் பற்றிக்கொண்டார். ஆய்வுக்குத் தூய கொலாஜன் எங்கே கிடைக்கும்? பக்கத்திலேயே 1948இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருந்தது. அங்கிருந்து கங்காரு வாலின் தசைநார் கிடைத்தது!

ஒரு நிலையத்தின் மாதிரிப்பொருள், மற்றொரு நிலையத்தின் எக்ஸ் கதிர்க் கருவி. இரண்டும் சேர்ந்தபோது, 1954இல் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜன் மூன்று புரியாக முறுக்கிய கயிறு போன்றது என்று உலகுக்கு அறிவித்தனர். மறு ஆண்டு அதை மேலும் திருத்தமுற விளக்கினர். பின்னர் 1963இல் அவரும் சி. இராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும், புரதச் சங்கிலி எவ்வெக் கோணங்களில் மடங்கக்கூடும், எவற்றில் மடங்க முடியாது என்பதைக் கணக்கிட்டு ஒரு வரைபடமாக வெளியிட்டனர். பெரிய கணனிகள் அவர்களிடம் இல்லை; மேசைமேல் வைத்துக் கணக்கிடும் பொறிகளைக்கொண்டே அதைச் செய்தார்கள். இன்றைக்கும் உலகின் எந்த மூலையில் எவர் ஒரு புரதத்தின் உருவைக் கண்டாலும், அது சரியா பிழையா என்று பார்க்க “இராமச்சந்திரன் வரைபடத்தில்” இட்டுப் பார்க்கிறார்கள்.

1971இல் அவரும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் எழுதிய கட்டுரையொன்று, பல திசைகளில் எடுத்த எக்ஸ் கதிர் நிழல்களிலிருந்து உள்ளுருவத்தை மீட்டமைக்கும் கணித வழியை எளிதாக்கியது. இன்று வைத்தியசாலைகளில் “சி.டி. ஸ்கேன்” எடுக்கும்போது இயங்குவது அவ்வகைக் கணிதமே. பெரும் பணமில்லாத ஆய்வுகூடம் ஒன்று உலகத்தின் பொதுச் சொத்துக்குத் தன் பங்கைச் செலுத்த முடியும் என்பதற்குக் கிண்டியே சாட்சி.

வளையத்தின் வாசலில் முறை காத்தல்

காலம் செல்லச் செல்ல ஆய்வுக்குரிய பொருள்கள் மேலும் நுண்ணியனவாயின. கருவிகளோ மேலும் பெரியனவாயின. இக்காலத்தில் புரதங்களின் உருவைக் காண உதவும் பேரொளி சிங்குரோத்திரன் என்னும் வளையத்திலிருந்து வருகிறது. ஒளியின் வேகத்தை நெருங்கும் வேகத்தில் இலத்திரன்களை ஒரு பெரிய வளையத்தில் சுழலவிடுவார்கள். காந்தங்கள் அவற்றை வளைக்கும்போது மிகத் தீவிரமான எக்ஸ் கதிர்கள் வெளிப்படுகின்றன. அமெரிக்காவில் சிக்காக்கோவுக்கு அருகிலுள்ள ஆர்கொன் வளையத்தின் சுற்றளவு 1,100 மீற்றருக்கு மேல். பிரான்சின் கிரெனோபிளில் ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து 1994இல் திறந்த வளையம் 844 மீற்றர். இவற்றை எந்தப் பல்கலைக்கழகம் தனித்துக் கட்டமுடியும்? எந்த மருந்துக் கம்பனி தனித்து நடத்தும்?

ஆகவே இங்கே பீலிக்கரை நியாயமே சட்டமாயிற்று. ஆராய்ச்சியாளர் தாம் செய்யவிருக்கும் வேலையை எழுதி விண்ணப்பிக்கவேண்டும். அத்துறை அறிந்த அறிஞர் குழு அதை நிறுத்துப் பார்க்கும். தேறியவருக்கு இத்தனை மணிநேரம் என்று முறை வழங்கப்படும். முடிவுகளை உலகறிய வெளியிடச் சம்மதிப்பவர்களுக்குப் பொதுவாகக் கட்டணம் இல்லை. தனக்கென்று மறைத்துக்கொள்ள விரும்பும் கம்பனி பணம் கட்டவேண்டும். கருவி பொதுவானால் அறிவும் பொதுவாகவேண்டும் என்னும் அறம் இதில் பொதிந்திருக்கிறது.

இந்த முறையினால் உயர்ந்தவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் இராமகிருஷ்ணன். பௌதிகத்தில் பட்டம் பெற்றபின் உயிரியலைப் புதிதாகக் கற்றவர். யேல் பல்கலைக்கழகத்தில் பயிற்சி முடித்து அமெரிக்காவில் ஏறத்தாழ ஐம்பது இடங்களுக்கு விண்ணப்பித்தும் பேராசிரியப் பதவி கிடைக்கவில்லை. 1983இல் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுகூடத்தில் சேர்ந்தார். பிறகு யூட்டாவுக்கும், 1999இல் கேம்பிரிட்ஜுக்கும் சென்றார். உயிருள்ள கலங்களில் புரதங்களை நெய்யும் தறி போன்றது றைபோசோம். அதன் சிறு பாகத்தின் முழு உருவை அவர் குழுவினர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதற்கு வேண்டிய கதிர்களை ஆர்கொன் வளையத்தில் முறை பெற்றே எடுத்தார்கள். அடைக்கலமான ஒளியென்று அவர்களுக்குச் சொந்தமாக எதுவுமில்லை.

ஸ்திரெப்டோமைசின் முதலிய மருந்துகள் கிருமியின் றைபோசோமில் எந்த இடத்தைப் பிடித்து நிறுத்துகின்றன என்பதும் அப்போது கண்கூடாயிற்று. பழைய மருந்துகளுக்குக் கிருமிகள் அஞ்சாத இக்காலத்தில் புதிய மருந்து தேடுவோருக்கு அது ஒரு வழிகாட்டி. 2009இல் அவருக்கும் தோமஸ் ஸ்டைற்ஸ், அடா யோனத் ஆகியோருக்கும் இரசாயனத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. மூவருமே பொது வளையங்களின் வாசலில் முறை காத்து நின்றவர்கள்.

பொதுக் களஞ்சியம்

கருவியைப் பகிர்ந்தால் மட்டும் போதுமா? கண்ட காட்சியையும் பகிரவேண்டும். 1971இல் புரூக்ஹேவனில் புரதத் தரவுக் களஞ்சியம் என்றொன்றைத் தொடங்கினார்கள். அன்று அதில் இருந்தவை ஏழே ஏழு புரதங்களின் உருவங்கள். பல ஆண்டுகளின் உழைப்பைப் பொதுவில் வைக்க விஞ்ஞானிகள் சிலர் தயங்கியதும் உண்டு. ஆயினும் வரவர, களஞ்சியத்தில் சேர்க்காமல் கட்டுரை வெளியிடலாகாது என்பதே நெறியாயிற்று. 2023இல் அங்குள்ள உருவங்கள் இரண்டு இலட்சத்தைத் தாண்டின.

ஏழு இரண்டு இலட்சமானதன் விளைவைக் கேளுங்கள். அக்களஞ்சியத்தைப் பாடமாகக் கொண்டு, புரதத்தின் உருவத்தைத் தானே ஊகிக்கும் கணனி முறையொன்றை இலண்டனில் ஆக்கினார்கள். 2022க்குள் 20 கோடிக்கு மேற்பட்ட புரதங்களின் ஊக உருவங்கள் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வைக்கப்பட்டன. அதை ஆக்கிய டெமிஸ் ஹசாபிஸ், ஜோன் ஜம்பர் ஆகியோருக்கும், புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருக்கும் 2024இல் நோபல் பரிசு கிடைத்தது. அரை நூற்றாண்டாகப் பெயர் தெரியாத ஆயிரமாயிரம் ஆராய்ச்சியாளர் ஒவ்வொரு பிடியாகக் கொட்டிய நெல்லல்லவா அந்தக் களஞ்சியத்தை நிறைத்தது!

மனிதப் பரம்பரையலகுத் தொகுதியை வாசித்த பெருமுயற்சியிலும் இதே அறம் நின்றது. 1996இல் பேர்மியுடாத் தீவில் கூடிய விஞ்ஞானிகள், கண்டதை 24 மணி நேரத்துக்குள் உலகுக்கு வெளியிடுவதென்று உடன்பட்டார்கள். 2020 ஜனவரியில் கொரோனாக் கிருமியின் பரம்பரையலகு வரிசை பொதுவில் வைக்கப்பட்டதால்தான் உலகெங்கும் தடுப்பூசி வேலை உடனே தொடங்கியது. நமது நாட்டிலும் ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆய்வுகூடம் அக்கிருமியின் மாற்றுருவங்களை வாசித்து இனங்கண்டு அறிவித்தது. உலகக் களஞ்சியத்திலிருந்து எடுத்தோம். நாமும் அதில் இட்டோம்.

சிறிய நாடுகளின் வழி

“இவையெல்லாம் செல்வந்த நாடுகளின் கதை, நமக்கென்ன?” என்று கேட்போருக்கு ஜோர்தானைக் காட்டுவோம். அங்கே அல்லான் என்ற ஊரில் 2017இல் “செசமி” என்னும் வளையம் திறக்கப்பட்டது. பேர்லினில் ஓய்வுபெற்ற பழைய வளையமொன்றின் பாகங்களை நன்கொடையாகப் பெற்றதிலிருந்து தொடங்கிய முயற்சி அது. ஜோர்தான், எகிப்து, பாக்கிஸ்தான், துருக்கி, சைப்பிரஸ் ஆகியவற்றோடு, ஒன்றையொன்று முகங்கொடுத்துப் பார்க்காத ஈரான், இசுரேல், பாலஸ்தீனம் ஆகியனவும் அதில் உறுப்பு வகித்தன. எந்த நாடும் தனித்து முடிக்காததைச் சேர்ந்து முடித்தார்கள். மின்சாரச் செலவு தாங்காதபோது 2019இல் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்க ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

இந்தியாவிலும் 1970களின் நடுப்பகுதி தொட்டு நுட்பக் கருவி நிலையங்களை மத்திய அரசு ஏற்படுத்தியது. சென்னை ஐ.ஐ.டி.யிலும் அவற்றுள் ஒன்று அமைந்தது. எந்தக் கல்லூரி ஆராய்ச்சியாளரும் சிறு கட்டணத்தில் அங்கே தம் மாதிரியைச் சோதிக்கலாம். இந்தோரில் 172 மீற்றர் சுற்றளவுள்ள இந்துஸ்-2 வளையம் புரத ஆய்வுக்கும் கதிர் வழங்குகிறது. நாட்டின் எந்த நிலையத்தில் எந்தக் கருவி உள்ளது என்று பார்த்து முறை கேட்பதற்கு 2020 ஜனவரியில் ஒரு பொது ஏற்பாடும் தொடங்கப்பட்டது.

ஆனால் வாசல் திறந்திருப்பது வேறு. வாசல்வரை நடந்துபோக வலிமை இருப்பது வேறு. விண்ணப்பம் எழுதப் பயிற்சி வேண்டும். பிரயாணச் செலவு வேண்டும். கருவியை இயக்கவும் பழுதுபார்க்கவும் தெரிந்த கை வேண்டும். பள்ளிப் பருவத்தில் ஒரு நுணுக்குக்காட்டியையாவது தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். நம் மலையக மக்களுக்கு இந்தப் பாதை நெடுங்காலம் அடைபட்டே கிடந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த நம்மவரின் நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவரும் சட்டம் வந்தது 2003இல். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் எத்தனை இராமன்கள் கொழுந்துக் கூடையோடு நின்றுபோயினரோ, எத்தனை இராமச்சந்திரன்கள் மட்டக் கத்தியோடு மலையேறிப் போயினரோ!

நம் சங்கம் செய்யக்கூடியது

இளைஞர் அன்பர்களே! பெரியோர்களே! பெருவளையங்களைக் கட்ட நாம் கனவு காணவேண்டியதில்லை. அவை உலகுக்கு உள்ளன. அவற்றின் வாசலுக்கு நம் பிள்ளைகளை அனுப்பும் வழியைச் செய்வதே நம் வேலை.

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்து இந்தியர் மனு பிரகாஷ் 2014இல் தம் துணைவரோடு சேர்ந்து கடதாசியை மடித்துச் செய்யும் நுணுக்குக்காட்டி ஒன்றை அறிவித்தார். அதற்குரிய பொருட்செலவு ஒரு டொலருக்கும் குறைவு. நூறு மடங்குக்கு மேல் பெருக்கிக் காட்டும். இலட்சக்கணக்கில் அது உலகமெங்கும் பரவியிருக்கிறது. 1916இல் துரைமாரின் அனுமதியோடு மலையேறி வந்த கருவி செய்த வேலையை, ஒரு பிள்ளையின் சட்டைப்பைக்குள் அடங்கும் கடதாசி இன்று காட்டித் தருகிறது. பீலித் தண்ணீரின் ஒரு துளியை அதன்கீழ் வைத்துப் பார்க்கும் பிள்ளை, “கொதிக்கவைத்துக் குடி” என்ற சொல்லைப் பிறகு மறக்குமா?

நம் முன்னோர் ஒரு பத்திரிகையை ஊரே வாசிக்க வாசிகசாலை வைத்தார்கள். அதே முறையில் நல்ல நுணுக்குக்காட்டி ஒன்றைச் சங்கப் பணத்தில் வாங்கி, சுற்றுப்புறப் பாடசாலைகளுக்கு வாரம் ஒன்றாக முறை வைத்துக் கொடுக்கலாம். யார் எப்போது எடுத்தார், எந்நிலையில் திருப்பினார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கலாம். அதைத் துடைக்கவும் பழுதுபார்க்கவும் இரண்டு இளைஞரையும் இரண்டு யுவதிகளையும் பழக்கலாம். விஞ்ஞானப் பிரிவில் தேறிப் பல்கலைக்கழகம் செல்லும் பிள்ளையின் பிரயாணச் செலவுக்குத் திருவிழா வரவிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கலாம். அவர்கள் படித்து முடித்தபின் ஆண்டுக்கு ஒருநாள் இங்கே வந்து, தாம் கண்டதைத் தம்பி தங்கையருக்குச் சொல்லவேண்டும் என்பதொன்றே அதற்கு நிபந்தனையாக இருக்கட்டும்.

பௌபஜார் வீதிச் சங்கத்தார் தங்கள் கதவைத் தட்டிய இளைஞன் நோபல் பரிசு பெறுவான் என்று அறிந்து திறக்கவில்லை. ஆராய்ச்சிக்கென்று கட்டிய கூடத்தில் ஆராய வந்தவனை வரவேற்பதே முறை என்று எண்ணித் திறந்தார்கள். நம் சங்கக் கதவையும் நாளை ஒரு பிள்ளை தட்டும். அப்போது அதன் கையில் கொடுக்க நம்மிடம் ஒரு கருவி இருக்கவேண்டும். அதற்கான சந்தாவை இந்த ஆண்டே தொடங்குவோம்.